மட்டை முகம்

"அமத்திப் பிடி. கையை எடுத்திடாத."

யேசுரட்ணம் கட்டிலில் கிடந்தபடி சொன்னார். கிளடிஸ் மூக்கை அமத்திக்கொண்டிருந்தாள். காட்போட் மட்டையில் வெட்டிய மூக்கு. அகலமான துண்டு அடியில், அதன்மேல் சற்றுச் சிறியது, அதன்மேல் இன்னும் சிறியது என்று அடுக்கிக்கொண்டே போய், நுனியில் ஒரு புளியங்கொட்டையளவில் முடிகிற மூக்கு. வெள்ளைப் பசை இடுக்குகளால் பிதுங்கி அவளது பெருவிரலில் வழிந்தது.

"எவ்வளவு நேரத்துக்குப் பிடிக்கிறது? அடுப்பில கஞ்சி கிடக்கு."

"கஞ்சி ஆருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"நான் குடிக்கப்போறேல்லை. நீ மூக்கைப் பிடி."

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில் அவர்கள் வீடு. ஹோலில் இருந்த சோபாவை வெளியே தள்ளிவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். காலையிலிருந்து ஏரிப்பக்கத்தால் வந்த பனிப்புகார் யன்னலை முழுசாக மூடியிருந்தது. எதிர்க் கட்டடம் இல்லை, கீழே ரோட்டு இல்லை, தண்டவாளத்தில் போகும் ஸ்ரீட்காரின் மணிச்சத்தம் மட்டும் எங்கோ தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. வீடு கயிறு அவிழ்ந்து மிதந்து போய்க்கொண்டிருக்கிறதோ என்று கிளடிஸுக்குத் தோன்றியது. நித்திரை முறிந்த ஆட்களுக்கு அப்படியெல்லாம் தோன்றும். அவள் நித்திரை கொண்டு கனநாள்.

இந்த மட்டைத் தலையைத் தொடங்கி வைத்தது ஆஸ்பத்திரிக்குக் கிழமைக்கொருமுறை வரும் வெள்ளைக்காரப் பெண். ஏலாத ஆட்களை வட்டமாக இருத்தி, "உங்கள் படத்தை வைத்து, இந்த மட்டையால் உங்களை நீங்களே செய்யுங்கள்" என்று சொன்னாளாம். மற்ற ஆட்கள் தட்டையாக எதையோ வெட்டி ஒட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார்கள். யேசுரட்ணம் மட்டையைக் கையில் எடுத்து விளிம்பைப் பார்த்து, மணந்து பார்த்து, "உது ஈரம் குடிச்ச மட்டை. உதில மனுசன் செய்யேலாது" என்று சொல்லிவிட்டு வந்தார். இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டுக் காட்போட் கொம்பனியில் வெட்டு மெசினில் நின்ற ஆள். கிளடிஸும் அங்கேதான், மடித்துக் கட்டுகிற பக்கத்தில். அவர் வெட்டுவார், அவள் மடிப்பாள். கலியாணம் என்று பார்த்தால் அதுவும் அப்படித்தான் போனது.

பிறகு மகள் ஸ்டெபனியிடம் சொல்லி நல்ல மட்டை எடுப்பித்தார். படத்தை உண்மையான முகத்தின் அளவுக்குப் பெரிதாக்கி ஒரு கட்டுப் பிரதி அடிப்பித்தார். ஒவ்வொரு பிரதியிலும் பென்சிலால் ஒரு கோடு. அடியில் வரும் அடுக்குக்கு முகம் முழுவதும். அடுத்ததற்குக் காதை விட்டுவிட்டு உள்ளே. அதற்கடுத்தது கன்னமேடு. இப்படியே மலை ஏறுகிறமாதிரி மூக்கு நுனிவரைக்கும். எல்லாவற்றையும் அடுக்கி ஒட்டியபின், படத்தை நாடா நாடாவாகக் கிழித்து மேலே போர்த்தவேண்டும். தொடங்கும்போது கத்தியை அவரே பிடித்தார். பிறகு கை நடுங்கியது. பிறகு கிளடிஸ் வெட்டினாள். அவர் கண்ணால் வெட்டினார்.

எந்தப் படம் என்பதில்தான் சண்டை. கிளடிஸ் கலியாணப் படத்தை எடுத்து வந்தாள். "உது ஸ்ரூடியோக்காரன் எடுத்தது" என்று தள்ளிவிட்டார். ஸ்டெபனி பிறந்தநாள் படம் காட்டினாள். "உது நீ எடுத்தது." தன் போனைத் தட்டித் தட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார். வருத்தம் வந்து படுக்கையில் விழுமுன் ஒரு காலை, கொம்பனிச் சாப்பாட்டு அறையில், போன் புதிது என்று தானே தன்னை எடுத்துப் பார்த்த படம். சிரிப்பில்லை. கன்னம் நிறையச் சதை. "இதுதான் நான் எடுத்த நான்" என்றார். அதற்குமேல் கதையில்லை.

ஈரலில் வந்த வருத்தம் அந்தக் கன்னத்தைத் தின்றுவிட்டது. மஞ்சளாய், குழி விழுந்து, பல்லு மட்டும் பெரிதாகி, கட்டிலில் கிடந்தது வேறு ஆரோ. மேசையில் மட்டையில் எழும்பிக்கொண்டிருந்ததுதான் கிளடிஸ் சோறு போட்ட ஆள். ஆனாலும் அந்த மட்டை முகத்தை நேரே பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஏதோ ஒன்று நெருடியது. நன்றாகத் தெரிந்த வீட்டுக்குள் பின்கதவால் நுழைந்தமாதிரி. என்னவென்று பிடிபடவில்லை.

"கிளடிஸ்."

"ம்."

"நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லேல்லை நீ."

"என்ன கேட்டனியள்?"

"நடிக்காத. பெட்டியைத் திறக்கக்கூடாது. மூடித்தான் வைக்கோணும். மேல இதை வை. வாற ஆக்கள் இதைப் பாத்திட்டுப் போகட்டும்."

"எங்கட சனம் முகம் பாக்கத்தானே வருகினம். மூடி வைச்சால் என்ன கதைப்பினம் தெரியுமே? தூக்குப் போட்டவர், இல்லாட்டி ரெயினில பாய்ஞ்சவர் எண்டுதான்."

"கதைக்கட்டும். யோகன்ர செத்தவீட்டில என்ன நடந்தது? முப்பது வருசம் பக்கத்து மெசினில நிண்டவன். றோஸ் பவுடர் பூசி, சொண்டுக்குச் சாயம் பூசிப் படுக்க வைச்சிருந்தாங்கள். இப்ப அவனை நினைச்சால் அந்த றோஸ் மூஞ்சிதான் வருது. அவன்ர உண்மையான மூஞ்சி போயிட்டுது. திரும்பி வரவேயில்லை." அவருக்கு மூச்சு வாங்கியது. "உனக்கும் பிள்ளைக்கும் அது வேண்டாம்."

"அப்ப உங்கட அக்கா? பிரான்சில இருந்து வந்தால் அவவுக்கு என்ன சொல்லுறது?"

பெர்னடெற் அக்காதான் தாயில்லாத அவரை வளர்த்தவள். அவள் பாரிசுக்கும் இவர் ரொறன்ரோவுக்கும் போனபின் ஒருவரையொருவர் நேரில் காணவில்லை. முதலில் விசா இல்லை, பிறகு லீவு இல்லை, பிறகு வருத்தம். போனில் படத்தோடு கதைத்தவர்கள்தான். கன்னம் விழத் தொடங்கியபோது, "கமெரா பழுதாப் போச்சு அக்கா" என்று அதையும் நிறுத்தியிருந்தார்.

"சொல்லு. மூடி வைப்பியோ, மாட்டியோ?"

"பாப்பம்," என்றாள் கிளடிஸ்.

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு மேசைப்பக்கம் குனிந்து மூக்கை அமத்திப் பிடித்திருந்தாள். பின்னால் மூச்சு வந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடம் விடும் என்று நேர்ஸ் சொல்லியிருந்தாள். இடம் விட்டது. வந்தது. இன்னும் கொஞ்சம் கூட இடம் விட்டது. வந்தது.

பிறகு வரவில்லை.

கிளடிஸ் திரும்பவில்லை. திரும்பினால் பார்க்கவேண்டும். பசை இன்னும் காயவில்லை, இப்போது கையை எடுத்தால் மூக்கு சரிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய்யில்லை. பனிப்புகார் யன்னலில் மெல்ல ஊர்ந்தது. கஞ்சி அடிப்பிடிக்கும் மணம் வந்தது. விரல் நுனியில் மட்டை சூடாகி, தோல் போலவே ஆகிவிட்டிருந்தது. நெடுநேரம் கழித்துக் கையை எடுத்தாள். மூக்கு நின்றது. அதன்பிறகே திரும்பினாள்.

பியூனரல் ஹோமிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், கறுப்புக் கோட்டுப் போட்ட பெடியங்கள். எலிவேற்றர் சின்னது; ஸ்ட்ரெச்சரைப் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோக இடமில்லை. பெல்ட்டால் இறுக்கிக் கட்டி, மன்னிப்புக் கேட்டுவிட்டு, நிமிர்த்தினார்கள். யேசுரட்ணம் எழும்பி நின்றார். படுக்கையில் விழுந்தபின் அவர் நின்றது அதுதான் முதல்தடவை. தலைவரை துணி மூடியிருந்தாலும், உயரம் அவருடைய உயரமாகவே இருந்தது. கிளடிஸ் பக்கத்தில் போய் நின்றாள். வேலைக்குப் போன காலத்தில் விடிய இருட்டோடு இதே எலிவேற்றரில் இப்படித்தான் ஒருவரோடொருவர் பேசாமல் இறங்குவார்கள். இடையில் ஒரு மாடியில் கதவு திறந்தது. உடுப்புக் கூடையோடு ஒரு பிலிப்பீனோப் பெண் நின்றாள். பார்த்தாள். கூடையைக் கீழே வைத்துச் சிலுவை அடையாளம் போட்டாள். கதவு மூடியது.

திரும்பி வந்தபோது போன் ஓயாமல் அடித்தது. கொம்பனியில் கூட வேலை செய்த தில்லையம்பலம் அண்ணை மரண அறிவித்தல் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். சாயங்காலத்துக்கிடையில் அறிவித்தலுக்குச் செய்த படம் போனில் வந்துவிட்டது. யேசுரட்ணத்தின் கழுத்துக்குக் கீழே நீலக் கோட்டும் சிவப்பு ரையும் முளைத்திருந்தன.

"அம்மா, ஹூ இஸ் திஸ்?" என்றாள் ஸ்டெபனி. அழுது வீங்கிய முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா கோட்டே போட்டதில்லையே. பாங்க் மனேஜர் மாதிரி இருக்கிறார்."

"எல்லாருக்கும் அப்பிடித்தான் போடுறவையாம் பிள்ளை. கழட்டச் சொன்னால் தில்லையம்பலம் அண்ணை கோவிப்பார்."

பெர்னடெற் பாரிசிலிருந்து போன் எடுத்தபோது முதலில் அழுகைதான் வந்தது. பிறகு குரல் நிதானமானது. அழுகையைவிட அது பயமாயிருந்தது.

"ரிக்கற் போட்டிட்டன். பார்வைக்கு வைக்கிற அண்டைக்குத்தான் வந்து இறங்குறன். மச்சாள், முகத்தை மூடிப்போடாதேங்கோ. நான் வந்து பாக்கோணும். அவ்வளவுதான் நான் கேக்கிறது."

"வாங்கோ மச்சாள்," என்றாள் கிளடிஸ். அதுவும் மறுமொழி இல்லை.

அடுத்த நாட்கள் பனிப்புகாருக்குள் நடக்கிறமாதிரி நடந்தன. ஆட்கள் சாப்பாட்டோடு வந்தார்கள், போனார்கள். ஹோலில் கட்டில் இருந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது. எல்லோரும் அதைச் சுற்றித்தான் நடந்தார்கள். கிளடிஸ் குசினி மேசையில் இருந்து படத்தைக் கிழித்த நாடாக்களை மேலே ஒட்டினாள். நாடிக்கு ஒன்று, இடக் கன்னத்துக்கு இரண்டு. சொல்லித்தர ஆளில்லாமல் ஒட்டியதால் நாடியில் ஒரு சுருக்கம் விழுந்துவிட்டது. நகத்தால் தடவிப் பார்த்தாள். போகவில்லை. விட்டுவிட்டாள்.

பார்வைக்கு வைக்கிற பின்னேரம். பியூனரல் ஹோம் மனேஜர் மெல்லிய குரலில் கேட்டார்: திறந்து வைப்பதா, மூடி வைப்பதா? "அவருடைய சகோதரி வரட்டும்" என்றாள் கிளடிஸ். பெட்டி மூடிக் கிடந்தது. அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து மட்டைத் தலையை வைத்தாள். கம்பளமும் திரைச்சீலையும் சத்தத்தையெல்லாம் குடித்துவிடுகிற அறை. பூக்களின் மணம் தலையைக் கிறுகிறுக்க வைத்தது. விளக்கு மேலிருந்து விழுந்தபோது அடுக்குகளின் ஓரமெல்லாம் நிழல் விழுந்து, முகம் மெல்ல மூச்சுவிடுவதுபோல் இருந்தது.

பெர்னடெற் விமான நிலையத்திலிருந்து நேரே வந்தாள். சின்ன உருவம், பெரிய குளிர்க்கோட்டு. கிளடிஸைக் கட்டிப்பிடித்தாள், ஸ்டெபனியைக் கொஞ்சினாள், பெட்டியைப் பார்த்தாள், நின்றாள்.

"ஏன் மூடிக் கிடக்கு?"

கிளடிஸ் சொன்னாள். யோகனின் றோஸ் பவுடரைச் சொன்னாள், அவர் கேட்டதைச் சொன்னாள், தான் பாப்பம் என்றதையும் சொன்னாள். பெர்னடெற் கேட்டபடியே நடந்து மட்டை முகத்துக்கு நேரே போய் நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டாள்.

"உது அவனில்லை."

"அவர்தான் மச்சாள். அவற்ற படம்தான்."

"மூக்குப் பிழை." அவள் விரல் காற்றில் வளைந்தது. "அவன்ர மூக்கு இடக்கைப் பக்கம் சாய்ஞ்சது. உதில வலக்கைப் பக்கம் கிடக்கு."

"இல்லை…"

"என்ன இல்லை? கதவை அடிச்சுச் சாத்தி உடைச்சதே நான்தான். இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினதும் நான்தான். நான் உடைச்ச மூக்கு எனக்குத் தெரியாதே?"

கிளடிஸ் வாயைத் திறந்தாள். எந்தப் பக்கம்? இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்தாள். கொஞ்சும்போது எந்தக் கன்னத்தில் அந்த எலும்பு முட்டியது? சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்தபோது எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? நினைத்துப் பார்க்க முயன்றாள். நினைவில் வந்தது இந்த மட்டை மூக்குத்தான், அவள் விரலால் அமத்திப் பிடித்த மூக்கு. யோகனுக்கு றோஸ் பவுடர் செய்ததை அவருக்கு இந்த மட்டை செய்துவிட்டதோ? மூடியைத் தூக்கினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். மூடியின் ஓரத்தில் கை வைத்தாள். பெர்னடெற்றும் வைத்தாள்.

"அம்மா, வெயிற்." ஸ்டெபனி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "மாமி சொல்றது சரி. இது செல்ஃபி. அப்பாட போன் திருப்பித்தான் சேவ் பண்ணும். கண்ணாடியில தெரியிறமாதிரி. லெஃப்ட் ரைட்டாப் போகும்."

கிளடிஸ் மட்டை மூக்கை மற்றக் கையால் தொட்டாள்.

"அப்ப இது," என்றாள் கிளடிஸ் மெதுவாக, "அவர் ஷேவ் எடுக்கேக்க பாக்கிற முகம்."

"இருக்கட்டும்," என்றாள் பெர்னடெற். அவள் கை இன்னும் மூடியில்தான் இருந்தது. "அவன் தனக்குப் பாத்த முகம் எனக்கென்னத்துக்கு? எனக்கு நான் பாத்த முகம் வேணும். கமெரா பழுது எண்டு எனக்குப் பொய் சொன்னவன். பழுது எண்டு நான் நம்பினன் எண்டு நினைச்சவன். பாவி." குரல் உடைந்தது. "ஒருக்காத் திறவும் மச்சாள். நீர் திரும்பி நில்லும், நீர் பாக்க வேண்டாம். பிள்ளையும் பாக்க வேண்டாம். நான் மட்டும் பாக்கிறன்."

நியாயமான கேள்வி. அதைவிட நியாயமான கேள்வியை ஒருவர் கேட்க முடியாது. வெளியே கார்க் கதவுகள் சாத்துப்படும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. கிளடிஸ் மூடியிலிருந்து கையை எடுத்து, மட்டைத் தலையை இரண்டு கையாலும் தூக்கினாள். பாரமேயில்லை. பிறந்த குழந்தையைவிடப் பாரம் குறைவு.

"வாங்கோ மச்சாள்."

"எங்க?"

"வாங்கோவன்."

பெண்கள் வாஷ்றூம் நடைபாதைக் கடைசியில் இருந்தது. உள்ளே கால் வைத்ததும் விளக்குத் தானாகப் பற்றியது. யன்னல் இல்லாத அறை, வெள்ளை ஓடு, கை கழுவுகிற தொட்டிக்குமேல் சுவர் முழுவதும் கண்ணாடி. கிளடிஸ் கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு நேரே நின்று, மட்டை முகத்தைத் தன் நெஞ்சுக்குமேல் உயர்த்தி, கண்ணாடியைப் பார்க்கும்படி பிடித்தாள். அவளுக்குத் தெரிந்தது முதுகுப்பக்கம்தான். மட்டையும் பசைத் திட்டும். கண்ணாடியைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. குனிந்து குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்தில் பெர்னடெற்றின் கோட்டு உரசியது. பிறகு அந்த உரசலும் நின்றது.

"கொஞ்சம் உயர்த்தும்," என்றாள் பெர்னடெற்.

கிளடிஸ் உயர்த்தினாள்.

"காணும், போதும்."

குழாயில் ஒரு சொட்டுத் தொங்கி, பருத்து, விழுந்தது. கிளடிஸின் தோள் நோகத் தொடங்கியது. கடைசியில் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்குள், இரண்டு கிழவிகளுக்கு நடுவில், மேசைக்கு எதிரே இருந்து சோறு சாப்பிடுகிற ஆள் இருந்தார். நாடியில் ஒரு சுருக்கம். மூக்கு இடக்கைப் பக்கம் சாய்ந்திருந்தது.

மூவரும் அசையாமல் நின்றார்கள். உள்ளே ஒருவரும் இல்லையென்று நினைத்தோ என்னவோ, விளக்கு அணைந்தது.

கதவுக்கு வெளியே ஸ்டெபனியின் குரல் வந்தது. "அம்மா? மாமி? ஆக்கள் வந்திட்டினம். திறக்கிறதோ, என்ன செய்யிறது எண்டு மனேஜர் கேக்கிறார்."

இருட்டுக்குள் பெர்னடெற் மூக்கை உறிஞ்சினாள்.

"வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை. நான் பாத்திட்டன்."

கையை ஒருதரம் வீசினால் விளக்கு வந்துவிடும். இருவரும் வீசவில்லை. கதவின் கீழே ஒரு விரலளவு வெளிச்சம் நீளமாய்க் கிடந்தது. அதன் குறுக்கே, கம்பளத்தில் சத்தமில்லாமல், சப்பாத்து நிழல்கள் ஒவ்வொன்றாக முன்பக்கம் போய்க்கொண்டிருந்தன.